அறுபத்திரண்டு கைகளும் ஒரு குழாயும்

கீழத்தெருவையும் மேலத்தெருவையும் இணைக்கும் அறுபத்திரண்டு படிகளும் வரும் திங்கட்கிழமை காலை பத்து மணி முதல் படிகள் அல்ல என்பதை மக்கள் பங்கேற்புப் பொதுக்கலை இயக்ககம் பெருமிதத்துடன் அறிவித்தது. அன்று முதல் அவை 'உரையாடல் வெளி'. இந்த மாற்றத்துக்காகப் பொதுமக்கள் எந்த முன்னேற்பாடும் செய்யத் தேவையில்லை, மாற்றம் தானாகவே நிகழும் என்று சுவரொட்டியின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

திங்கட்கிழமை இரண்டு பேர் படியடியில் நின்று பார்த்தார்கள். மணி பத்து ஆனது. படிகள் படிகளாகவே இருந்தன. பதினேழாவது படி மூன்று வருடமாக உடைந்து கிடந்தது. அது உடைந்தபடியே உரையாடல் வெளிக்குள் நுழைந்தது.

பார்த்த இருவரில் ஒருவர் வெல்டர். இன்னொருவர் கூரியர் கொண்டுபோகிறவர். எந்தப் பொட்டலத்தையும் சொன்ன நாளில் சேர்த்ததாகச் சரித்திரம் இல்லாததால் தெருவில் அவருக்கு 'அவசரம்' என்று பெயர்.

"இப்ப என்னண்ணே, சும்மா ஏறலாமா? இல்ல ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் ஏறணுமா?" என்றார் அவசரம்.

வெல்டருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வீடு படி முடிகிற இடத்தில், மேலே. அவர் மனைவியின் தையல் கடை படி தொடங்குகிற இடத்தில், கீழே. அந்த அம்மாளுக்கு இடுப்பெலும்பில் ஆபரேஷன் ஆகி ஐந்து மாதம். "தாராளமா படி ஏறலாம், இறங்கலாம். பிடிச்சுக்க ஒண்ணு இருக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். பிடித்துக்கொள்ளத்தான் ஒன்றும் இல்லை. பழைய கைப்பிடி துருப்பிடித்துவிட்டது என்று தெருப் பராமரிப்பு அலுவலகம் ஏழு வருடத்துக்கு முன் அறுத்துக்கொண்டு போனது. "புதுசு வரும்" என்றார்கள். அறுத்த இடத்தில் நாலு விரற்கடை இரும்பு மொட்டைகள் மட்டும் வரிசையாக நின்றன. இருட்டில் காலை இடித்துக்கொள்ள வசதியாக இருந்தது.

மேலத்தெருவுக்கு வண்டி வரும் வழி உண்டு. ஊரையே சுற்றிக்கொண்டு வர வேண்டும். தினம் இரண்டு நடை வாடகை வண்டி பிடிக்கிற அளவுக்கு யாரும் பொத்தான் தைக்கக் கொடுப்பதில்லை. ஆகவே தையலம்மா ஐந்து மாதமாக ஜன்னலில் உட்கார்ந்து தன் கடையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டிய கடைக்குள் ஒருவருடைய பேன்ட் பாதி தைத்தபடி கிடந்தது. அதற்குள் அவர் இரண்டு அங்குலம் பெருத்துவிட்டதாகத் தகவல்.

வெல்டர் தானே பைப் போட்டுவிடுவதாகத் தெரு அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு பைசா வேண்டாம், அனுமதி மட்டும் போதும் என்றார். பதில் வந்தது: படிக்கட்டு பொதுக்கலைத் தளமாக அறிவிக்கப்பட்டுவிட்டது, அதில் ஓர் ஆணி அடிப்பதும் குற்றம், இயக்ககத்தை அணுகவும்.

அணுகினார். இயக்ககத்தின் முன்கூடம் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. நாலு நாற்காலிகள் இருந்தன. நாலும் கலைப்பொருட்கள், உட்காரக் கூடாது. நின்றுகொண்டே இருந்தவரைப் பங்கேற்பு ஒருங்கிணைப்பாளர் என்ற பெண்மணி வந்து வரவேற்றார். வெல்டர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் கண்கள் கலங்கின.

"இதுதான் சார் மக்கள் குரல்! இதுக்காகத்தான் மூணு வருஷமா காத்திருக்கோம்."

"ரொம்ப நல்லதுங்க மேடம். அப்ப நாளைக்கே போட்டுடட்டுமா?"

"எதை?"

"பைப்பை."

"ஐயோ, அவசரப்படாதீங்க. முதல்ல இந்த மஞ்சள் சீட்டுல எழுதுங்க. 'கேட்டல் கூட்டம்' இருக்கு, கண்டிப்பா வரணும்."

கேட்டல் கூட்டம் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. மக்கள் தங்கள் கனவுகளை மஞ்சள் சீட்டில் எழுதிப் பலகையில் ஒட்டினார்கள். ஐம்பத்து மூன்று சீட்டுகள். ஐம்பத்தொன்றில் 'கைப்பிடி வேண்டும்' என்று இருந்தது. ஒன்றில் 'பதினேழாவது படி' என்று மட்டும் இருந்தது. மீதி ஒன்றில் ஏதோ குழந்தை பூனை வரைந்திருந்தது. பூனைப் படத்தை மட்டும் ஒருங்கிணைப்பாளர் தனியாக எடுத்து ஃபைலில் வைத்துக்கொண்டார்.

இயக்குநர் எழுந்தார். நல்ல உயரம், நல்ல குரல், மைக் இல்லாமலே பின்வரிசை வரை கேட்கும். மைக்கும் வைத்துக்கொண்டார்.

"நான் பேச வரவில்லை. கேட்க வந்திருக்கிறேன்" என்று தொடங்கி ஐம்பத்தைந்து நிமிடம் பேசினார்.

"கேட்பது என்பது காதால் செய்கிற காரியம் என்று நீண்ட காலம் தவறாக நினைத்திருந்தோம். காதால் கேட்டால் மக்கள் சொல்வது மட்டும்தான் கேட்கும். மக்கள் சொல்வதை மட்டும் கேட்பதென்றால், அன்பர்களே, இயக்ககம் எதற்கு? நான் எதற்கு? இங்கே ஐம்பத்தொரு பேர் கைப்பிடி கேட்டிருக்கிறீர்கள். கைப்பிடி கேட்பவருக்குக் கைப்பிடி கொடுப்பது எளிது. யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். அதனால்தான் நாங்கள் அதைச் செய்வதில்லை. கைப்பிடிக்கு அடியில் ஓர் ஏக்கம் இருக்கிறதே, அந்த ஏக்கத்தை உங்களுக்குத் திருப்பித் தருவதே எங்கள் கடமை."

வெல்டர் கையைத் தூக்கினார்.

"கேட்கிற நேரம் முடிஞ்சுடுச்சு சார்" என்றார் ஒருங்கிணைப்பாளர் கனிவாக.

"ஏக்கம் ஏற்கெனவே எங்கிட்ட இருக்கேங்க. அதை ஏன் திருப்பித் தர்றாங்க?" என்று வெல்டர் அவசரத்திடம் கேட்டார். அவசரம் வாசலில் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தார்.

ஒரு மாதம் கழித்துச் சிற்பி வந்து இறங்கினார். கண்ணை மூடிக்கொண்டே பேசுகிறவர். முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டே படி ஏறப் பார்த்தார். பதினேழாவது படி அவரைச் சந்தித்தது. அதற்குப் பிறகு ஏறும்போது மட்டும் திறந்துகொண்டார்.

திட்டம் இதுதான்: ஒரு படிக்கு ஒரு கையாக, தெருக்காரர்கள் அறுபத்திரண்டு பேரின் வலது கையை அச்செடுத்து, படியோரச் சுவரில் வரிசையாகப் பதிப்பது. ஒவ்வொரு கையும் எதையோ பிடித்தபடி இருக்கும். பிடிக்க எதுவும் இருக்காது. படைப்பின் பெயர், 'வெறுமையைப் பற்றிய கைகள்'.

முதல் நாள் ஒரு சிக்கல். கைப்பிடி இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு பிடிக்கச் சொன்னார்கள். ஒருவர் டீ டம்ளரைப் பிடிப்பது போலப் பிடித்தார். ஒருவர் பஸ் கம்பியைப் போல. அவசரம் ஏதோ ஒரு கழுத்தைப் பிடிப்பது போலப் பிடித்தார். சிற்பிக்குப் பொறுக்கவில்லை.

"பொய்! எல்லாம் பொய்க் கை! எனக்குப் பிடிக்கிற கை வேணும், நடிக்கிற கை வேண்டாம். நிஜமான ஒரு கைப்பிடி வேணும். யாராவது இருக்காங்களா?"

கீழத்தெருவே திரும்பி வெல்டரைப் பார்த்தது.

அச்செடுக்கும் பணிக்கான தற்காலிக உபகரணம் என்று இயக்ககம் அன்றைக்கே அனுமதி கொடுத்தது. ஏழு வருடம் நடக்காத காரியம் ஒன்றரை நாளில் முடிந்தது. ஒன்றரை அங்குலப் பைப், மூன்று நீளமாக. இருபத்தொரு கால்கள். ஒவ்வொரு காலையும் படிச்சரிவுக்குத் தக்கபடி சாய்வாக வெட்டிப் பற்றவைத்து, ஆங்கர் போல்ட் போட்டு முறுக்கினார். தற்காலிகம் என்று சொன்ன வேலைக்கு இவ்வளவு எதற்கு என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டார். "பழக்கம்" என்றார் வெல்டர். கடைசியில் பற்றவைத்த இடங்களை எல்லாம் தேய்த்து வழவழப்பாக்கி, மேலிருந்து கீழ்வரை தன் உள்ளங்கையால் தடவிக்கொண்டே இறங்கினார். இரண்டு இடத்தில் கீறியது. திரும்பப் போய்த் தேய்த்தார்.

மறுநாள் காலை தையலம்மா இறங்கினார். அறுபத்திரண்டு படிக்கு இருபது நிமிடம். வெல்டர் இரண்டு படி கீழே, பின்பக்கமாக இறங்கிக்கொண்டே வந்தார்.

"என்னங்க, முன்னாடி பார்த்து இறங்குங்க. நீங்க விழுந்தா உங்களை யாரு தூக்குறது?"

"நீ பைப்பை விடாம வா."

"இதை நான் இனிமே எதுக்கு விடறேன்?"

கடையைத் திறந்தார். பேன்ட்டின் தையலைப் பிரித்து இரண்டு அங்குலம் விட்டார். பதினோரு நாள் கடை நடந்தது. பதினோரு நாளும் தெருவில் எல்லோரும் பைப்பைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள், இறங்கினார்கள். நடுவில் யாராவது கையில் பசையைப் பூசி நிற்கவைத்தால் நின்றார்கள். தையலம்மாவை முப்பத்தொன்றாவது படியில் நிற்கவைத்தார்கள்.

"இறுக்கிப் பிடிங்கம்மா" என்றார் சிற்பி.

"இதுக்கு மேல இறுக்கினா பைப் நசுங்கிடும் தம்பி."

சிற்பி கண்ணை மூடி, "ஆகா, இதுதான் கை" என்றார்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம், தையலம்மா கீழே கடையில் இருந்தபோது, இயக்ககத்தின் ஆட்கள் வந்து பைப்பைக் கழற்றினார்கள். வெல்டர் ஓடி வந்தார்.

"மேடம், என்ன பண்றீங்க?"

"இது உபகரணம் சார். வேலை முடிஞ்சா எடுத்துடணும். ஓவியம் வரைஞ்சு முடிச்சதும் தூரிகையை அங்கேயேவா விட்டுட்டுப் போவாங்க?"

"தூரிகையைப் பிடிச்சுக்கிட்டு யாரும் படி ஏற மாட்டாங்க மேடம்."

ஒருங்கிணைப்பாளர் அதைக் குறித்துக்கொண்டார். நல்ல வாக்கியம், கையேட்டில் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

அன்று சாயங்காலம் வெல்டரும் அவசரமும் தையலம்மாவைக் கடை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அவசரம் படிக்கு ஒரு தடவை நின்றார்.

"செத்தாத்தான் நாலு பேர் தூக்குவாங்கன்னு நெனச்சேன்" என்றார் தையலம்மா. "ரெண்டு பேரே போதும்போல."

கைகள் சுவரில் ஏறின. வெண்கலம் மாதிரியே இருந்தன. பக்கத்திலேயே பலகை: 'தொடாதீர்கள். இவை உங்கள் கைகள்.'

திறப்பு விழாவுக்கு முதல் நாள் இயக்ககத்தின் பாதுகாப்பு அதிகாரி படிக்கட்டை ஆய்வு செய்து அறிக்கை கொடுத்தார்: 'செங்குத்தான படிகள். கைப்பிடி இல்லை. விருந்தினர்களை இதில் அனுமதிக்க இயலாது.' அறிக்கையை இயக்ககம் மிகுந்த பொறுப்புணர்வுடன் ஏற்றுக்கொண்டது. விருந்தினர்கள் ஊரைச் சுற்றிக் காரில் வந்து மேலத்தெருவில் இறங்கினார்கள். மேல்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். முதல் ஆறு கைகள் தெரிந்தன. மீதியைக் கையேட்டில் பார்த்துக்கொண்டார்கள்.

"இந்தப் படியில் மக்கள் அன்றாடம் ஏறி இறங்குகிறார்கள்" என்றார் இயக்குநர், மேல்படியிலிருந்து இரண்டடி தள்ளி நின்று. "அவர்கள் எதைப் பிடித்துக்கொள்கிறார்கள்? ஒன்றுமில்லை! அந்த ஒன்றுமில்லாமையை அவர்களுக்கு நாங்கள் தந்திருக்கிறோம்."

கைதட்டினார்கள். ஜன்னலில் இருந்து பார்த்த தையலம்மா தட்டவில்லை. அவர் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்: படிக்கு ஒரு கை, நல்ல உயரத்தில், நீட்டிக்கொண்டு.

மறுநாள் காலை வெல்டர் வேலைக்குப் போனதும் அவர் இறங்க ஆரம்பித்தார். முதல் படியில் பால்காரர் கையைப் பிடித்தார். அதை விட்டு வாத்தியார் கை. அதை விட்டு அவசரத்தின் கை, நிஜப் பைப்பைப் பிடித்து அச்செடுத்தும் கழுத்தை நெரிக்கிற மாதிரியே இருந்தாலும் பிடிக்க வாகாகத்தான் இருந்தது. மேலிருந்து முப்பது படி இப்படி இறங்கினார். அடுத்த கை அவருடையது. தன் கைதானே என்று கொஞ்சம் உரிமையாகவே பிடித்துச் சாய்ந்தார்.

அது கையோடு வந்தது.

வெண்கலம் இல்லை, உள்ளே வெறும் மாவு. மேலே பெயின்ட். சுவரில் பசை. அறுபத்திரண்டு கைகளில் ஒரு ஸ்க்ரூகூட இல்லை என்பதை வெல்டர் பிறகு எண்ணிப் பார்த்துச் சொன்னார். தையலம்மா நாலு படி உருண்டார். இடுப்பு தப்பியது. வலது மணிக்கட்டு இரண்டாக உடைந்தது. கத்தரிக்கோல் பிடிக்கிற கை.

மூன்றாம் நாள் இயக்ககத்தின் கடிதம் வந்தது. பொதுக்கலைப் படைப்பின் முப்பத்தொன்றாவது கைக்கு அவர் சேதம் விளைவித்தமைக்கு வருந்துவதாகவும், படைப்பின் முழுமை கருதி, மறுபடி அச்செடுக்க அதே வலது கையுடன் உடனடியாக நேரில் வருமாறும் கேட்டிருந்தார்கள்.

"அதே கையா?" என்றார் தையலம்மா. "சரி, வந்து பார்க்கச் சொல்லுங்க."

இயக்குநரும் சிற்பியும் ஒருங்கிணைப்பாளரும் காரில் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். தையலம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. சிற்பி அதைப் பார்த்தார். கண்ணை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"இதை யார் செஞ்சது?"

"ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸம்மா. பக்கத்துல ஒருத்தங்ககிட்ட பேசிக்கிட்டே சுத்திவிட்டாங்க."

"பேசிக்கிட்டேவா!" சிற்பி இயக்குநரின் தோளைப் பற்றினார். "உரையாடல்! சார், நம்ம படைப்புல குறைஞ்சது இதுதான். இதுதான் முப்பத்தொண்ணு!"

இயக்குநர் தையலம்மாவின் முன் குனிந்தார். "அம்மா, விழுந்தது நீங்கள் அல்ல. ஒரு சமூகமே விழுந்திருக்கிறது."

"அப்ப வலி மட்டும் ஏன் சார் எனக்கே எனக்குன்னு இருக்கு?"

"கட்டு பிரிக்கும்போது அதை இயக்ககத்துக்குத் தர வேண்டும். உங்கள் சமூகத்தின் பரிசாக."

வெல்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தையலம்மா கண்ணைக் காட்டினார். மாதக்கணக்கில் ஜன்னலில் உட்கார்ந்ததில் அவருக்கு இயக்ககத்தைப் பற்றி ஓரளவு புரிந்திருந்தது. அவர்களுக்கு வேண்டியது ஒன்று தன்னிடம் இருப்பது இதுதான் முதல் தடவை.

"தரேன் சார். பதிலுக்கு அந்த பைப்பைப் போட்டுடணும். நிரந்தரமா. எழுதிக் கொடுங்க."

இயக்குநர் யோசித்தார். சிற்பியின் முகத்தைப் பார்த்தார். "கொள்கையளவில்..." என்று ஆரம்பித்தார்.

"கொள்கையெல்லாம் வேணாம். பைப்."

ஒருங்கிணைப்பாளர் அங்கேயே உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதினார். வெல்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தார். பைப்பின் விட்டம் சரியாக இருக்கிறதா? இருக்கிறது. தகட்டுக் கனம்? எழுதவில்லை, எழுதவைத்தார். கால்கள் இருபத்தொன்று. 'போல்ட்' என்று மட்டும் இருந்ததை 'ஆங்கர் போல்ட்' என்று திருத்தினார். 'விரைவில்' என்று இருந்ததை அடித்துத் தேதி போடச் சொன்னார். போட்டார்கள். இனி ஒப்பந்தத்தில் ஓட்டை கிடையாது என்று திருப்தியான பிறகுதான் மனைவியின் இடது கைப் பெருவிரலை மையில் தொட்டு வைத்தார்.

ஆறாவது வாரம் கட்டைப் பிரித்தார்கள். இயக்ககத்திலிருந்து இரண்டு பேர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வந்து, வெட்டிய மாவுக்கட்டின் இரண்டு பாதியையும் பஞ்சுப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்கள். உள்ளே இருந்த கையை யாரும் கவனிக்கவில்லை. அது மெலிந்து, விரல் மடங்காமல் இருந்தது. மாவுக்கட்டு முப்பத்தொன்றாவது இடத்தில் ஏறியது. இந்தத் தடவை ஸ்க்ரூ போட்டார்கள். அடுத்த வாரமே படைப்புக்கு ஒரு பெரிய விருது வந்தது. முதியோரும் உடல் நலிந்தோரும் எளிதில் பயன்படுத்தத்தக்க சிறந்த பொதுவெளிக்கான விருது.

ஒப்பந்தத் தேதியன்று வெல்டர் விடிந்ததும் ஸ்பேனரோடு படியில் போய் உட்கார்ந்தார். பத்து மணி ஆனது. யாரும் வரவில்லை. பதினொன்றரைக்கு அவசரம் வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓடி வந்தார்.

"அண்ணே, பைப் போடறாங்க! நான் பார்த்தேன்! ஆனா..."

வெல்டர் இயக்ககத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது விழா முடிந்திருந்தது. முன்கூடத்தில், உட்காரக்கூடாத நாலு நாற்காலிகளுக்குப் பக்கத்தில், பைப் நின்றது. இடம் போதாமல் மூன்று நீளத்தையும் மூன்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். படிச்சரிவுக்கு வெட்டிய கால்கள் சமதரையில் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, குடித்துவிட்டு வந்த ஊர்வலம் மாதிரி நின்றன. சுற்றிலும் கயிறு. 'கைகள் மறந்த குழாய். தொடாதீர்கள்.'

"ஒப்பந்தப்படி நிறுவிவிட்டோம்" என்றார் இயக்குநர், கையைக் குலுக்கி. "நிரந்தரமாக."

வெல்டர் சட்டைப் பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து நாலாவது தடவை படித்தார். விட்டம் சரி. கனம் சரி. கால்கள் இருபத்தொன்று. ஆங்கர் போல்ட். தேதி. இடம் எழுதவில்லை. கைப்பிடி பைப்பைப் படியைத் தவிர வேறெங்காவது போடுவார்கள் என்பது உலகத்தில் எந்த வெல்டருக்கும் தோன்றியிருக்காது.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் இருந்த தையலம்மா நிமிர்ந்தார்.

"என்னங்க, போட்டாங்களா?"

"போட்டாங்க."

"உறுதியா இருக்கா?"

"கயிறைத் தாண்டிப் போய் ஆட்டிப் பார்த்தேன். அசையல."

"அப்ப நாளைக்குக் கடையைத் திறந்துடலாம். வாங்க, போய்ப் பார்ப்போம்."

வெல்டர் ஸ்பேனரை ஜன்னல் திட்டில் வைத்தார்.

பைப் நிற்கிற இயக்ககம் தரைத்தளத்தில் இருக்கிறது. அங்கே படி கிடையாது.